மட்கலக் கலையின் இடரும் பேறும்

புத்தளம் மாவட்டத்தின் மேற்குக் கரையிலே, ஒருபுறம் கடலும் மறுபுறம் முந்தல் களப்புமாக அமைந்த தமிழூர் உடப்பு. கரைவலை இழுத்து வாழும் இவ்வூர் மக்களின் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்து குடியேறினர் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. திரௌபதை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் நிகழும் தீமிதி விழாவினால் இவ்வூரின் பெயர் இலங்கைத் தமிழர் யாவர்க்கும் அறிமுகமானது. ஊர் நிற்கும் நிலமோ மணல். மணலிலே தென்னை ஓங்கி வளரும். ஆயின், மணலைப் பிசைந்து கலம் வனைதல் இயலாது. அவ்வாறிருந்தும், பொங்கற் பானையும், மீன் சமைக்கும் சட்டியும், தண்ணீர்க் குடமும், சடங்குக்குரிய கரகமும் இத்தகைய கரையூர் வாழ்க்கையில் நீங்கா இடம் பெற்றவை. களிமண் உள்ள உள்நாட்டூர்களிலே வனைந்து சுட்ட கலங்களே இக்கரைகளை வந்தடைதல் வேண்டும்.

சந்தையிலே பானையொன்றை விரலால் தட்டிப் பார்த்து விலை பேசுவோர், அக்கலம் எத்தனை இடர்களைக் கடந்து அங்கு வந்து சேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. மட்கலக் கலையோ, பிற கலைகளைப் போலன்றி, தன் முடிவை வேறொன்றின் கையில் ஒப்புவிக்கும் கலை. சிற்பி உளியைக் கீழே வைத்தவுடன் அவன் சிலை நிறைவு பெறுகிறது. வேட்கோவனோ கலத்தை வனைந்து முடித்த பின்னரே அதனைத் தீக்குக் கொடுக்கிறான். தீ ஏற்றதே கலம். தீ மறுத்தது ஓடு. இக்கலையின் துன்பங்களும் இன்பங்களும் இவ்வொரு நிலைமையிலிருந்தே பிறக்கின்றன என்பதை ஆராய்ந்து காணலாம்.

களிமண் என்பது, பெல்சுபார் முதலிய கனிப்பொருள்களைக் கொண்ட பாறை நெடுங்காலம் நீராலும் காற்றாலும் சிதைந்து உண்டாகும் மிக நுண்ணிய துகள்களின் தொகுதியாகும். இத்துகள்கள் தகடு போன்ற வடிவின. தகடுகளுக்கிடையே நீர் புகுந்தவிடத்து அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே நின்றுவிடும். களிமண் கைக்கு இணங்குவதற்கும், கொடுத்த வடிவத்தை விடாது பற்றி நிற்பதற்கும் இதுவே காரணம். மணற்பரல்களிடையே இத்தகைய ஒட்டுறவு இல்லை. எனினும், மணல் இக்கலைக்குப் புறம்பானதுமன்று. தனிக் களிமண் உலரும்போது பெரிதும் சுருங்கிப் பிளக்கும். அளவறிந்து கலந்த மணல் அச்சுருக்கத்தைக் குறைத்து, அடுப்பிலே ஏற்றும்போது வெப்பத்தைத் தாங்கும் வலிமையையும் தருகின்றது. எவ்வளவு மணல் என்பதே கேள்வி. குறைந்தால் கலம் பிளக்கும். மிகுந்தால் மண் சக்கரத்திலே குழைய மறுத்துக் கையை அராவும். இவ்வளவை நூல்கள் சொல்வதில்லை. ஒவ்வோர் ஊரின் மண்ணும் வெவ்வேறாதலின், அம்மண்ணோடு பழகிய கையே அதனை அறியும்.

கடலையடுத்த நிலங்களின் களிமண்ணிலே இரு தனி இடர்கள் உண்டு. ஒன்று உப்பு. மண்ணில் கரைந்திருக்கும் உப்பு, கலம் உலரும்போது நீரோடு புறத்தே வந்து வெண்மையாகப் படியும்; கலத்தின் தோல் அவ்விடங்களில் கறைபட்டும் பொரிந்தும் போதல் கூடும். மற்றையது கிளிஞ்சல். கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிறு சிப்பித் துண்டொன்று மண்ணிலே தங்கிவிட்டால், சூளையின் வெப்பத்தில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறுகின்றது. கலம் யாதொரு குறையுமின்றிச் சூளையிலிருந்து வெளிவரும்; வனைந்தவன் மகிழ்வான். சில நாட்களின் பின் அச்சுண்ணாம்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, கலத்தின் புறத்தைப் பெயர்த்து வீழ்த்தும். தீயை வென்ற கலம் காற்றின் ஈரத்துக்குத் தோற்பதை விடக் கொடிய ஏமாற்றம் இத்தொழிலில் வேறில்லை எனலாம். இதனாலேயே மண்ணை நீரில் ஊறவைத்துக் கரைத்து வடித்து, கல்லும் வேரும் சிப்பியும் நீக்கி, காலால் மிதித்துப் பதப்படுத்தும் நீண்ட வேலையைப் பழந்தொழிலாளர் எவ்வகையிலும் சுருக்க முற்படவில்லை.

பதமான மண் சக்கரத்தின் மேல் ஏறுகின்றது. பார்ப்போர்க்கு விளையாட்டுப் போலத் தோன்றும் இக்கட்டத்தில் பயில்வோனைப் பெரிதும் வருத்துவது, சுழலும் மண்ணை நடுவிலே நிறுத்துதலாகும். மயிரிழை அளவு நடு பிறழ்ந்தாலும், கலத்தின் சுவர் உயர உயர அப்பிறழ்ச்சி பெருகி, முடிவில் முழுவதும் சரிந்து வீழும். வலிமையால் அழுத்துவோனுக்கு மண் பணிவதில்லை. அசையாத கைக்கே பணிகின்றது. இதனை ஒரு நாளிற் கேட்டறியலாம். கை அறிவதற்கோ பல மாதங்கள் செல்லும்.

சக்கரத்தோடு வேலை முடிவதுமில்லை. அடுப்பிலேற்றும் பானைக்கு உருண்ட அடி வேண்டும். மூலையுள்ள அடி வெப்பத்தில் வெடிக்கும். ஆதலால் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் குயவர் பானையின் வாயையும் தோளையும் சக்கரத்தில் வனைந்து, மண் சற்று இறுகிய பின், உள்ளே ஒரு கல்லை அணைத்துப் பிடித்து, புறத்தே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி உருட்டுவர். மண் மிக ஈரமாயின் பலகையோடு ஒட்டும். மிக உலர்ந்ததாயின் வெடிக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதம் சில நாழிகையே நிற்பது. மழை நாளில் அப்பதம் வாராமலே போகலாம். சுழற்காற்று வீசும் நாளில் வந்தது தெரியாமலே கடந்தும் போகலாம்.

அடுத்து உலர்த்தல். கலம் உலர்வதாலும் பின் சுடப்படுவதாலும் நீளத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்குகின்றது. சுருக்கம் எங்கும் ஒரே சீராக நிகழ்ந்தால் கேடில்லை. மெல்லிய வாய் முந்தியும் தடித்த அடி பிந்தியும் உலர்ந்தால், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக் கலத்தைப் பிளக்கும். கைப்பிடியும் மூக்கும் ஒட்டிய இடங்களிலே இப்பிளவு பெரிதும் நேரும். வெயில் நிறைந்த நாட்டிலே கலத்தை நிழலில் வைத்து மெல்ல உலர்த்துவதன் காரணம் இதுவே.

உலர்ந்தும் சுடப்படாத கலத்தை இலக்கியம் பசுமட்கலம் என வழங்கும். வஞ்சனையாற் பொருள் ஈட்டிக் காத்தல், அத்தகைய கலத்தில் நீரை ஊற்றிக் காப்பதற்கு ஒப்பாகும் என்பது திருக்குறளின் 660ஆம் பாடலின் கருத்து. நீர் பட்டவுடன் மீண்டும் சேறாகும் அதன் இயல்பை வள்ளுவர் நன்கு அறிந்திருந்தார். சேறு கலமாவது தீயினாலேயே.

சூளையின் வெப்பம் 100 பாகை செல்சியசை அணுகும்போது, கலத்தில் எஞ்சிய ஈரம் ஆவியாகின்றது. வெப்பம் விரைந்து ஏறினால், வெளியேற வழியில்லாத ஆவி கலத்தையே வெடிக்கச் செய்து, அருகிலுள்ள கலங்களையும் உடைக்கும். ஏறத்தாழ 450 முதல் 600 பாகை வரையில், களிமண்ணின் மூலக்கூறோடு பிணைந்திருந்த நீரும் நீங்குகின்றது. இந்நிலையைக் கடந்த மண் மீண்டும் ஒருபோதும் சேறாவதில்லை. 573 பாகையிலே மண்ணிலுள்ள குவார்ட்சு தன் படிக அமைப்பை மாற்றித் திடீரென விரிகின்றது. குளிரும்போது அதே நிலையிற் சுருங்குகின்றது. ஆதலால் வெப்பத்தை ஏற்றுவதில் மட்டுமன்றி, தணிப்பதிலும் பொறுமை வேண்டும். ஆவலினால் உந்தப்பட்டுச் சூளையை முந்தித் திறந்தவன், குளிர்ந்த காற்றுப் பட்டுக் கலங்கள் கீறும் ஓசையைக் கேட்பான்.

கரைவலை இழுப்போர்க்கு இந்நிலை புதிதன்று. வலையின் மடி கரையேறும் வரையில் உள்ளே உள்ளது மீனோ பாசியோ என்பது எவர்க்கும் தெரியாது. பல நாள் உழைப்பின் பயன் ஒரு நாழிகையில் வெளிப்படுவது கடலுக்கும் சூளைக்கும் பொது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. வெறும் வலையை மறுநாள் மீண்டும் வீசலாம். உடைந்த கலமோ மீண்டும் மண்ணாகாது. தோண்டிய மண்ணும், மிதித்த உழைப்பும், எரித்த விறகும் அதனோடு போயின.

இத்துன்பம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பதினாறாம் நூற்றாண்டிலே பிரான்சு நாட்டில் வாழ்ந்த பெர்னாட் பலிசி என்பார், வெண்ணிறப் பளபளப்புப் பூசிய கிண்ணமொன்றைக் கண்டு, அப்பூச்சின் மறையை அறிவதற்குப் பல ஆண்டுகளைச் செலவிட்டார். விறகு தீர்ந்த வேளையில் வீட்டின் மேசைகளையும் தளப் பலகைகளையும் சூளையில் இட்டு எரித்ததாக அவரே தமது நூலிலே கூறியுள்ளார். அண்டை அயலார் அவரைப் பித்தர் என எண்ணினர். இங்கிலாந்தின் யோசையா வெட்சுவுட்டு, போர்த்துலாந்துக் குடுவை எனப்படும் உரோமக் கண்ணாடிக் கலத்தின் படியை மண்ணிலே ஆக்குவதற்கு 1786ஆம் ஆண்டு முயலத் தொடங்கினார். கொப்புளமும் வெடிப்பும் ஏமாற்றமுமாக ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே அவருக்கு மனநிறைவு தரும் படி கிட்டிற்று.

வெட்சுவுட்டின் வாழ்வில் மற்றொரு செய்தியும் ஈண்டு நோக்கற்பாலது. சூளையின் கடும் வெப்பத்தை அளக்கத்தக்க கருவி அக்காலத்தில் இல்லை. வெப்பம் ஏற ஏறக் களிமண் மேலும் சுருங்குவதைக் கண்ட அவர், ஒரே அளவான சிறு மண்துண்டுகளைச் சூளையிலிட்டு எடுத்து, அவை சுருங்கிய அளவைக் கொண்டு வெப்பத்தை மதிப்பிடும் கருவியை அமைத்து, 1782ஆம் ஆண்டிலே அரச கழகத்துக்கு அறிவித்தார். மறு ஆண்டு அக்கழகத்தின் உறுப்பினராகவும் தெரிவு செய்யப்பட்டார். குயவரைக் காலங்காலமாக வருத்திய சுருக்கமே அவர் கையில் அளவுகோலாயிற்று. இக்கலை தரும் முதலாவது பேறு இத்தகைய அறிவாகும். உடைந்த கலத்தின் விளிம்பைக் கூர்ந்து நோக்குவோன், அது ஈரத்தால் உடைந்ததோ, சுருக்கத்தால் உடைந்ததோ, விரைந்த குளிரால் உடைந்ததோ என்பதை அறிகின்றான். இழப்பே ஆசானாக அமைந்த கல்வி இது.

குறையே நிறைவாகும் வேறு இடங்களும் உண்டு. தாழ்ந்த வெப்பத்தில் சுட்ட மட்குடத்தின் சுவரிலே நுண்துளைகள் நிறைந்திருக்கும். கட்டுறுதி நோக்கிற் குறையெனத் தோன்றும் அத்துளைகளின் வழியே கசியும் நீர், புறத்தே ஆவியாகும்போது குடத்தின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. வெங்காற்று வீசும் மணற்கரையிலே மண்குடத்து நீர் குளிர்ந்திருத்தல் இதனாலேயே. புகையும் அவ்வாறே. சுடும்போது காற்றுப் படாத பக்கம் கருமையாகவும், காற்றுப் பட்ட பக்கம் மண்ணிலுள்ள இரும்பினாற் செம்மையாகவும் மாறும். இதனைக் கேடென விலக்காது, கலத்தைக் கவிழ்த்து அடுக்கி, உட்புறமும் வாயும் கருமை பெற, வெளிப்புறம் செம்மை பெறச் சுட்ட பழங்கலங்களை ஆய்வாளர் கருஞ்செம் மட்கலங்கள் என்பர்.

அக்கலங்கள் கிடைத்த இடங்களுள் ஒன்று புத்தளம் மாவட்டத்திலேயே உள்ளது. உடப்பிலிருந்து வடக்கே, புத்தளத்தையும் கலா ஓயாவையும் கடந்து, வில்பத்து வனத்தின் ஓரமாக அமைந்த பொம்பரிப்பு என்னும் இடத்தில் தொல்பழங்காலத் தாழிக்காடு ஒன்று கண்டறியப்பட்டது. 1920களில் ஓக்காட்டு என்பார் அங்கு அகழ்ந்தார். 1970இல் விமலா பெக்லி முதலிய ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்தனர். மண்ணுள் புதைக்கப்பட்ட பெருந்தாழிகளில் மக்களின் எலும்புகளும், அவற்றோடு இட்ட சிறு கலங்களும் கிடைத்தன. ஒன்றுக்கு மேற்பட்டோரின் எலும்புகளைக் கொண்ட தாழிகளும் அவற்றுள் உள. மன்னார்க் குடாவுக்கு எதிர்க்கரையிலே, தாமிரபரணி ஆற்றங்கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவற்றை ஒப்பிட்டு ஆராய்வது வழக்கமாயிற்று. இரு கரைகளுக்கும் இடையே நிலவிய பண்டை உறவுக்குச் சான்று பகர்பவற்றுள் இம்மட்கலங்கள் முதன்மையானவை.

ஆளொருவரின் எலும்பை அடக்கத்தக்க பெருந்தாழியை ஒரே வீச்சில் சக்கரத்தில் வனைதல் அரிது. அடியை முதலில் ஆக்கி, அது மேற்பாரத்தைத் தாங்குமளவு இறுகும் வரை காத்திருந்து, அதன்மேல் அடுத்த பகுதியைச் சேர்த்து, இவ்வாறு படிப்படியாக உயர்த்துதல் வேண்டும். கீழ்ப்பகுதி மிக உலர்ந்துவிட்டால் மேற்பகுதி அதனோடு ஒட்டாது. புறநானூற்றின் 256ஆம் பாடலிலே, கணவனை இழந்த பெண்ணொருத்தி குயவனை விளித்து, தனக்கும் இடம் உண்டாகுமாறு தாழியை அகலமாக வனையும்படி இரக்கின்றாள். அவள் துயரம் கற்போர் நெஞ்சை உருக்கும். வனையும் தொழிலை அறிந்தோர்க்கோ மற்றொன்றும் புலப்படும். தாழி அகலுந்தோறும் சுவர் தளரும். சூளையில் அது பிளக்கும் வாய்ப்பும் மிகும். அவள் கேட்டது எளிய உதவியன்று. அக்குயவனின் கைத்திறம் அனைத்தையும் கேட்டாள்.

அவ்வாறு தீயைக் கடந்து நின்ற கலத்துக்குக் கிடைக்கும் பேறு, காலத்தைக் கடந்து நிற்றலாகும். மரம் மக்கும், துணி இற்றுப் போகும், இரும்பு துருப்பிடிக்கும், ஓலை செல்லரிக்கும். சுட்ட மண் உடையலாம், அழிவதில்லை. கீழடி, கொடுமணல் முதலிய இடங்களிலே தமிழ்ப் பிராமி எழுத்திற் பெயர் பொறித்த ஓடுகள் கிடைத்துள்ளன. மன்னாரை அடுத்த மாந்தைத் துறையில் 1980களில் நிகழ்ந்த அகழ்வுகள், சீனத்திலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த மெருகிட்ட கலங்களின் துண்டுகளை வெளிப்படுத்தின. அரசரின் மெய்க்கீர்த்திகள் சொல்லாத வாணிகத்தை, பயனற்றதென எறியப்பட்ட ஓடுகள் சொல்கின்றன. அன்று எறிந்தவர்க்கு நட்டமாயிருந்த ஓடு, இன்று வரலாற்று மாணவர்க்கு முதலாகியது.

மற்றொரு பேறு பெரியபுராணத்தாற் புலப்படுவது. தில்லையில் வாழ்ந்த திருநீலகண்ட நாயனார் வேட்கோவர் குலத்தவர். சிவனடியார்க்குத் திருவோடு வனைந்து அளிப்பதைத் தொண்டாகக் கொண்டவர். சிவயோகியார் வடிவில் வந்த இறைவன் ஓர் ஓட்டைக் கொடுத்துக் காக்கும்படி பணித்து, பின் அதனை மறையச் செய்தார். வேறொரு நல்ல ஓடு தருவதாக நாயனார் எவ்வளவு வேண்டியும் யோகியார் இசையவில்லை. எண்ணிறந்த ஓடுகளை வனைந்த கை, காணாமற்போன அவ்வோர் ஓட்டை மீண்டும் வனைய இயலாது நின்றது. இவ்வரலாற்றின் சமயப் பொருள் வேறு. எனினும், தொழில் நோக்கிலும் இதில் ஓர் உண்மை உண்டு. கையால் வனைந்த கலம் ஒவ்வொன்றும் தனித்தது. அதே மண்ணும், அதே கையும், அதே சூளையும் அதனை இரண்டாம் முறை தருவதில்லை. வனைவோன் அடையும் ஆழ்ந்த மகிழ்ச்சிக்கும், உடைந்தபோது அவன் அடையும் துயருக்கும் இதுவே வேர்.

இக்கலையின் இன்றைய நிலை எத்தகையது? புத்தளம் மாவட்டத்தின் தென்பகுதி சுட்ட மண் தொழிலுக்குப் பெயர்பெற்றது. வைக்கால் பக்கத்தில் கூரையோடு செய்யும் தொழில் நடைபெறுகின்றது. தங்கொட்டுவையில் 1984ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பீங்கான் தொழிற்சாலை பிற நாடுகளுக்கும் கலங்களை அனுப்புகின்றது. நாத்தாண்டிப் பக்கத்து வெண்சிலிக்கா மணல் கண்ணாடித் தொழிலுக்கு உதவுவது. பீங்கானின் மேற்பளபளப்பும் கண்ணாடியே ஆதலின், கலமாக இயலாத மணலும் கலத்துக்கு அணியாக வல்லது. பீங்கான் சுடும் வெப்பம் 1300 பாகையை அளாவும். அங்கு வெப்பத்தை அளக்கக் கருவிகள் உண்டு. மண்ணின் கலவை ஆய்வுகூடத்தில் நிறுக்கப்படுகின்றது. அத்தகைய தொழிற்சாலைகளிலும் சூளையிலிருந்து வெளிவரும் கலங்களைத் தரம் பிரித்து, குறையுள்ளவற்றை விலக்கும் வேலை நீங்கவில்லை. ஆயினும் அவை விலக்குண்ட கலங்களின் செலவை முன்னரே கணக்கிட்டு, நல்ல கலத்தின் விலையிற் சேர்த்துவிடுகின்றன.

ஊர்க் குயவனுக்கோ அவ்வசதி இல்லை. அலுமினியமும் பிளாத்திக்கும் அவன் சந்தையைச் சுருக்கிவிட்டன. களிமண் அகழ்வதற்கு, 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின்படி உரிமம் பெறுதல் வேண்டும். ஆற்றங்கரையும் வயலும் வரம்பின்றித் தோண்டப்படாது காத்தல் நாட்டுக்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. எனினும், பார வண்டிகளில் மண் ஏற்றிச் செல்லும் பெருந்தொழிலும், சில கூடை மண்ணில் ஒரு திங்கள் வாழும் சிறுதொழிலும் ஒரே தன்மையின அல்ல. விறகின் விலையும் ஏறியது. இவற்றுக்கு மேலாக, வாங்குவோர் அவன் கலத்தை உலோகக் கலத்தோடு ஒப்பிட்டு, மண்தானே என விலை குறைத்துக் கேட்கின்றனர்.

இவ்விடத்திலேதான் மட்கலக் கலையின் வாழ்வும் தாழ்வும் தங்கியுள்ளன. சூளையிற் பத்துக் கலம் வைத்து எட்டு எடுப்போன், எட்டின் விலையிலே பத்தின் உழைப்பையும் பெறுதல் வேண்டும். உடைந்த இரண்டையும் அவன் ஒருவனே சுமப்பானாயின், அவன் மகன் அத்தொழிலை ஏற்கமாட்டான். அவ்வாறு ஒரு தலைமுறை விலகினால், எவ்வளவு மணல் என்பதை அறிந்த கை மறையும். அதனை மீட்கத்தக்க நூல் எதுவுமில்லை. பொம்பரிப்பின் தாழிகளைக் கண்ணாடிப் பேழையுள் வைத்துப் பேணலாம். அவற்றை வனைந்த அறிவைப் பேணுவதற்குப் பேழை இல்லை. வனைந்துகொண்டிருக்கும் கையே அதற்கு உறைவிடம்.

தைப்பொங்கலன்று புதுப்பானை வாங்குவோர், அதனை விரலால் தட்டி, கணீரென ஒலிக்கின்றதா எனக் கேட்டு வாங்குவது நெடுங்கால வழக்கம். அவ்வொலி, சிப்பியும் உப்பும் ஆவியும் சுருக்கமும் தீயும் விளைத்த இடர் அனைத்தையும் அக்கலம் கடந்து வந்தது என்பதற்குச் சான்று. கேட்ட ஒலிக்கு உரிய விலையைக் கொடுத்தல், அதே சூளையில் ஒலியிழந்து போன கலங்களுக்கும் விலை கொடுத்தலாகும்.